தொண்ணூற்றெட்டாவது கையெழுத்து

எங்கள் ஊரில் எனக்கு ‘மனுக்காரர்’ என்று பெயர். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையோரம், பெரம்பலூர் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நகல் எடுக்க வருவதில்லை, மனு எழுத வருகிறார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாக்கடை, தெருவிளக்கு என்று எதுவானாலும் ‘பெறுநர், பொருள், ஐயா வணக்கம்’ என்று பிடித்தால் ‘தங்கள் உண்மையுள்ள’ வரைக்கும் மூச்சு விடாமல் எழுதிவிடுவேன்.

திங்கட்கிழமை காலையில் கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்குத்தான் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பதும் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டே நாள்தான். ஆகவே எங்கள் பக்கத்து ஆட்கள் வழியில் இறங்கி அம்மனிடம் ஒரு கோரிக்கை, அடுத்த பஸ் பிடித்துக் கலெக்டரிடம் ஒரு கோரிக்கை என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடுவார்கள். அம்மனுக்கு எழுதித் தரச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. அங்கே கூடுதலாகப் பலிக்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் ஆராயவில்லை.

ஊருக்கெல்லாம் விளக்கு கேட்டு மனு எழுதியவன் வீட்டு வாசல் கம்பத்தில் பதினான்கு மாதம் விளக்கு எரியவில்லை. முதல் நாலு மாதம் வீட்டுக்காரி அதைப் பற்றிப் பேசினாள். பிறகு ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டாள்.

இத்தனைக்கும் உள்ளாட்சி என்றால் சுற்றுவட்டாரத்தில் பேச அழைக்கப்படுகிறவன் நான். பள்ளிக்கூட ஆண்டு விழா, நூலக வார விழா, சுதந்திர தின விழா எதுவானாலும் ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் உத்திரமேரூரில் போய்த்தான் நிற்பேன். முதலாம் பராந்தகன் காலம், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கிச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன நேர்த்தி எல்லாம் ஒரு மூச்சில் வரும். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி நிற்கக் கூடாது என்று அன்றே எழுதி வைத்தான் தமிழன் என்று மேசையைத் தட்டினால் கைதட்டல் நிச்சயம். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் சோழர் பெருமையில் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று ஒரு நினைப்பு.

ஆனால் அந்த உத்திரமேரூர்ச் சபையில் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். எனக்கு இருப்பது எண்பது சென்ட். என் பெயர் ஓலையில் ஏறவே ஏறாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே கதிதான், பெண்களுக்குக் கேள்வியே இல்லை. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. கைதட்டல் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி காலை நான் எங்கோ ஒரு பள்ளியில் குடவோலையைக் குலுக்கிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில், எங்கள் ஊர் அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கிராம சபை கூடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு முறை. 2022இலிருந்து தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். எனக்கு நாலு சாக்கு போய் ஆறு சாக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலரை வைத்தே ஓட்டிவிட்டு, ஒருவழியாக அறிவித்தார்கள். நான் வார்டு உறுப்பினருக்கு நின்றேன். 200 ரூபாய் டெபாசிட். பாக்கி இல்லாச் சான்று வேண்டும் என்றதும் ஓடிப்போய் வீட்டு வரி கட்டினேன். வாழ்க்கையில் நான் தேதி தவறாமல் கட்டிய வரி அது ஒன்றுதான்.

வார்டுக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அலுவலகத்தில் கொடுக்கிற சின்னம்தான். எனக்கு எது விழுந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் பொடிசுகள் இன்றும் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகின்றன.

நாலு பக்கத்தில் தேர்தல் அறிக்கை தயாரித்தேன். சொந்தக் கடை, காகிதச் செலவு மட்டும்தான். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது, பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, அந்த 29உம் வருமாறு என்று வரிசை போட்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் குனிந்து களைவெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன வெங்காயத்தில் களை எடுப்பது பொறுமையான வேலை, களைக்கொத்து ஓர் அங்குலம் தப்பினால் குருத்து போய்விடும். யாரும் நிமிரவில்லை. வரப்பில் நின்றபடியே அறிக்கையை வாசித்தேன். பதினேழாவது பொருளில் இருந்தபோது கடைசி வரிசையிலிருந்த ஆயா முதுகை நிமிர்த்தினார்.

“ஏம்ப்பா, இதெல்லாம் சரி. கீழத்தெருவுக்குத் தண்ணி ஒரு நா உட்டு ஒரு நா வருமா, தெனம் வருமா?”

“குடிநீர் பதினோராவது பொருளிலேயே வந்துவிட்டதும்மா” என்றேன்.

“வந்துருச்சா? எங்க வீட்டுக்கு வரலியே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த இடத்திலேயே தேர்தல் முடிந்துவிட்டது. எனக்கு எதிராக நின்ற அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எட்டாவது வரை படித்தவர். அவரிடம் அறிக்கை இல்லை. டேங்க் ஆபரேட்டரை வீட்டு வாசலுக்கே கூட்டிவந்து, எந்த வால்வைத் திருப்பினால் கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு வாக்குச்சீட்டு. 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணியதில் வெள்ளைச் சீட்டில் எனக்கு 23. என் பெரியப்பா, சித்தப்பா வகையறா மட்டுமே 31 ஓட்டு. அதில் எந்த எட்டுப் பேர் என்று அடுத்த பொங்கல் வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன், ஒரு வகையில் எட்டுப் பேருமே புத்திசாலிகள்.

தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்திச் சட்டம் வந்தது 2016இல், அதன்படி நடந்த முதல் தேர்தல் இது. முதல் வருஷம் தலைவரம்மாவின் வீட்டுக்காரர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா, நான் சொல்லல?” என்று டீக்கடையில் நான் தலையாட்டினேன். இரண்டாவது வருஷம் காசோலையில் கையெழுத்துப் போடும் முன் எதற்கு, எவ்வளவு என்று அந்த அம்மாள் கேட்கத் தொடங்கினார். மூன்றாவது வருஷம் வீட்டுக்காரர் மாடு பார்க்கப் போய்விட்டார். அதற்கு மட்டும் டீக்கடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

2022 மே 1, ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடை வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தவனை வழியில் மறித்து, “அண்ணே, கோரம் பத்தல, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்றார் அந்த வார்டு அக்கா. எங்கள் ஊர் மாதிரி 501லிருந்து 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊரில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். வேப்பமரத்தடியில் அத்தனை தலை தெரியவில்லை. புத்தகத்தை நீட்டினார்கள். நான் போட்டது தொண்ணூற்றெட்டாவது கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு வாய் டீ குடித்தேன், காராசேவு கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் கறிக்கடை வரிசையில் இருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து மேலத்தெருவில் சிமென்ட் சாலை போட்டார்கள். எங்கள் கீழத்தெருவில் மழை பெய்தால் நாற்று நடலாம். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். ‘கீழத்தெரு மக்களைக் கலந்தாலோசிக்காமல், ஜனநாயக மரபுகளைக் காற்றில் பறக்கவிட்டு…’ என் மனுக்களிலேயே சிறந்தது அது என்று இப்போதும் சொல்வேன். கலெக்டருக்கு அனுப்பும் முன் ஊராட்சிச் செயலரிடம் ஒரு பிரதி கொடுத்துப் பயமுறுத்தலாம் என்று போனேன்.

தம்பி பொறுமையாகப் படித்தார். இரண்டு எழுத்துப் பிழையைக்கூடச் சுட்டினார். பிறகு பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்து, 2022 மே 1ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். மேலத்தெருச் சாலைக்கு முன்னுரிமை என்று ஒரு தீர்மானம். மேலத்தெருக்காரர்கள் நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். கீழத்தெருவிலிருந்து யாரும் வாய் திறக்கவில்லையாம். கீழே கையெழுத்து வரிசை. தொண்ணூற்றெட்டாவதை விரலால் தொட்டார்.

“அண்ணே, இது உங்க கையெழுத்துதான?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஜெராக்ஸ் வேணுமா?”

அதோடு விட்டிருக்கலாம். வந்ததும் வந்தீர்கள் என்று வரிப் பதிவேட்டையும் எடுத்தார். தேர்தலுக்கு நிற்கக் கட்டியதோடு சரி, அதற்கப்புறம் வீட்டு வரியே கட்டவில்லை நான். பெரிய தொகை இல்லை, இரண்டு கிலோ கறிக்குக் காணாது. அந்த வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேரும். நூலக வரி என்பதே 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் போட்டபோது வைத்த ஏற்பாடு. எங்கள் ஊர் நூலகம் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்று அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிய மனுவும் நான் எழுதியதுதான். அறுபதில் முதல் கையெழுத்து யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைக்கும்போது வாய் தவறித்தான் சொன்னேன். “வீட்டு வாசல்ல லைட்டு வேற எரியல தம்பி, பதினாலு மாசமாச்சு.”

“எத்தனாம் நம்பர் கம்பம்?” என்றார்.

தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினேன். மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்தது. வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்துவிட்டு, “மனு குடுத்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கடைத் தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

இந்த இடத்தில் என் வியாபார புத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001இல் பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரித்து அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். பெரம்பலூரே 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. இனி அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேறு கலெக்டர் என்று, ‘அரியலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ என்று தலைப்பு அச்சடித்த மனுத்தாள் ஐந்நூறு போட்டேன். 2002இல் அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கட்டு பரணுக்குப் போனது. 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். சந்தோஷமாக இறக்கிப் பார்த்தால் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மாவட்டம் இப்படிப் போய்ப் போய் வந்தாலும், மனுவின் ‘அனுப்புநர்’ பகுதியில் ஊராட்சியின் பெயரை ஒரு தடவைகூட நான் மாற்றி எழுத நேர்ந்ததில்லை.

அந்த ஊராட்சிக்குத்தான் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை என்று ஆனது. ஐந்து வருஷம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, மறுபடி தனி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலரே எல்லா ஊருக்கும் தலைவர் ஆனார். பெரம்பலூர் மாவட்டத்தில் நாலு ஒன்றியம், 121 ஊராட்சி. சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு முப்பது ஊர். அலுவலர் என்னதான் நல்லவராக இருந்தாலும், போனை எடுத்தாலும், முப்பது ஊருக்கும் மோட்டார் ஒரே வெயிலில்தான் எரியும்.

தலைவரம்மா இருந்தவரைக்கும் நடைமுறை வேறு. தண்ணீர் வரவில்லையென்றால் விடிகாலை ஐந்தரைக்கே பெண்கள் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவர் வேப்பங்குச்சியும் வாயுமாக வெளியே வருவார். “என்னத்துக்குடி இந்தச் சத்தம்? மோட்டாரு காயில் போயிருக்கு, பெரம்பலூருக்குக் குடுத்துவுட்ருக்கேன், சாயந்தரம் வந்துரும்.” சாயந்தரம் வராவிட்டால் மறுபடி ஐந்தரைக்கு நிற்பார்கள். அவர் தெருவில் நடக்க வேண்டும், அதே கடையில் எண்ணெய் வாங்க வேண்டும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்கள் மொய் எழுத வேண்டும். உள்ளாட்சியின் அருமையைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். நடந்துபோய்ச் சத்தம் போடுகிற தூரத்தில் ஒரு வீடு இருப்பதுதான் அது என்று அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவையும் எனக்குத் தோன்றவில்லை. நான் பேசாத பேச்சு பேசி அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் பதவி போனபிறகு டீக்கடையில் எனக்குப் பேச விஷயமே இல்லாமல் போய்விட்டது. அதிகாரியைத் திட்டலாம்தான். ஆனால் அவர் வீடு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பங்குனியில் மோட்டார் காயில் எரிந்தது. மூன்று நாள் தண்ணீர் இல்லை. மனுக்காரர் சொல்லியிருப்பார் என்று ஊர் நினைத்தது. டேங்க் ஆபரேட்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். மேலே சொல்லும்படி செயலரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆபரேட்டர் நினைத்தார். நாலாம் நாள் நான் மனு எழுத உட்கார்ந்தேன். சாதாரண மனுவா? கோடைக்காலக் குடிநீர்ப் பற்றாக்குறை, பெண்களின் துயரம், கால்நடைகளின் தாகம் எல்லாம் சேர்த்து இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முன்னாள் வார்டு அக்கா. கையில் ஒரு நோட்டு, முந்தானையில் காசு முடிச்சு.

“அண்ணே, வீட்டுக்கு அம்பது ரூபா வாங்குறோம். மோட்டாரக் கழட்டி அனுப்பியாச்சு. உங்க பங்கு?”

“பதவியில இல்லாதப்ப உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஊராட்சி நிதியில செய்ய வேண்டியது. வசூல் பண்றது முறையில்ல” என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரிதான்.

“முறையில்லதான். குடிக்கத் தண்ணி வேணும்ல?” என்றார். ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு நோட்டில் என் பெயருக்கு நேரே டிக் போட்டார். அன்று இரவு தண்ணீர் வந்தது. அந்த மனு இன்னமும் இரண்டாம் பக்கத்தோடு நிற்கிறது.

2025 மே 1ஆம் தேதி கிராம சபைக்கு நான் முன்கூட்டியே போனேன், தண்ணீர் பாட்டிலோடு. தலைவர் நாற்காலி இல்லை. அலுவலர் சார்பில் வந்தவர் கூட்டப்பொருளை வாசித்தார். வெயில் மரத்தைச் சுற்றி வர, நாங்களும் நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம். இரண்டரை மணி நேரம். வரவு செலவு, நூறு நாள் வேலை, தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் போட்ட கணக்கு. குடவோலையைப் போலச் சுவாரசியம் இல்லை. முடிக்கப் போகிற நேரத்தில் எழுந்தேன்.

“பெரியோர்களே, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், மூன்றாவது பிரிவின்படி…”

பின்னாலிருந்து சட்டையை இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த அக்கா. “அண்ணே, ரோட்டச் சொல்லு.”

ரோட்டைச் சொன்னேன். கீழத்தெருவுக்குச் சிமென்ட் சாலை வேண்டும், மழையில் பிள்ளைகள் வழுக்கி விழுகின்றன, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு. யாரும் கைதட்டவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

புத்தகம் கையெழுத்துக்கு வந்தபோது முதலிலிருந்து படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பதினோராம் தீர்மானத்தில் கீழத்தெரு என்பதற்குப் பதிலாக மேலத்தெரு என்று எழுதியிருந்தது. பழக்க தோஷம்தான், வேறொன்றுமில்லை. செயலரிடம் காட்டினேன். அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். உள்ளாட்சிக்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த ஒரு சொல்.

சாலை இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபைக்கும் போவேன். அன்றைக்குக் கடை திறக்க மாட்டேன். மனு எழுத வேண்டியவர்கள் மறுநாள் வாருங்கள்; கம்பத்து நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால் நல்லது.